முதல் மூட்டை இறங்கும் நாள்

தேதிசொல்லி என்றொரு இனம் உண்டு. அதைப் பறவையில் சேர்ப்பதா, பல்லியில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. பல்லியாவது ஏதோ ஒரு திசையிலிருந்து சொல்லும். இவர் எட்டுத் திசையிலிருந்தும் சொல்வார். பாதி கட்டி நிற்கும் பாலத்தடியில், வராத ரயிலுக்குப் போட்ட தண்டவாளத்தின் ஓரத்தில், ரிப்பன் மட்டும் வெட்டிய ஆஸ்பத்திரியின் வாசலில் என்று எங்கே ஏதாவது ஒன்று 'வரப் போகிறதோ' அங்கே இவர் முளைத்துவிடுவார். ஆனால் இவர் கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று வளர்வது எங்கே தெரியுமா? லித்தியச் சுரங்கம் வரப் போகிற ஊரில்.

எங்கள் அகுவா முதாவில் அது பல வருஷங்களாக வந்துகொண்டே இருக்கிறது.

அர்ஜென்டினாவின் வடமேற்கு மேட்டில், காற்று மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும் ஊர் இது. அந்தக் காற்றிலும் மூச்சு விடுவதற்கான பகுதி கொஞ்சம்தான். ஊருக்கு மேலே உப்பளம். சுரங்கம் என்று பேரே தவிர உள்ளே இறங்க அங்கே குழி கிடையாது. உப்பளத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி, வயல் வயலாகக் கட்டிய குளங்களில் விட்டு, வெயிலில் வற்றவிட்டு, மிச்சத்தை ஆலைக்குள் அனுப்பினால் மறுபக்கம் வெள்ளைப் பொடியாக மூட்டையில் விழும். உலகத்துக் கைபேசிகளுக்கெல்லாம் உயிர் கொடுக்கப் போகிற பொடி. குளம் இருக்கிறது. வெயில் இருக்கிறது. ஆலைகூட ஏறத்தாழ இருக்கிறது. மூட்டைதான் இல்லை.

மூட்டை இல்லாத இடத்தில் பேச்சு இருக்கும் அல்லவா?

இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. கம்பெனியிலிருந்து வரும் அம்மாள் ஒரு வகை. பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி, "ஆண்டின் பிற்பாதியில், சூழ்நிலைகளைப் பொறுத்து" என்பார். எந்த ஆண்டிலும் ஒரு பிற்பாதி இருப்பதால் இவரைப் பொய்யர் என்று யாரும் சொல்ல முடியாது. மாகாணத் தலைநகரிலிருந்து வரும் அரசியல்வாதி இன்னொரு வகை. "அடுத்த தடவை நான் வரும்போது புகைபோக்கியில புகை பார்ப்பேன்" என்பார். அடுத்த தடவை வரமாட்டார். உப்பளத்தை வாழ்நாளில் பார்க்காமல், எங்கோ கடலோர நகரத்தில் கண்ணாடி மாளிகைக்குள் உட்கார்ந்து வளைகோடு வரைபவர்கள் மூன்றாவது வகை. அவர்கள் கோடு எப்போதும் மேலே போகும். எங்கள் ஊர் லாரிகள்தான் பாதியில் நின்றுவிடும்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டவர் தோன் எபிஃபானியோ கலிசாயா. (எங்கள் பக்கம் ஆணுக்கு மரியாதை தோன், பெண்ணுக்குத் தோன்யா.)

தோன் எபிஃபானியோவுக்கு ஊர்க் கோடியில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை. உப்பளத்துக்குப் போகிற எந்த லாரியும் அவர் கடையைத் தாண்டாமல் போக முடியாது. போகிற பாதையின் கல்லைப் பார்த்தால், கடைக்குத் திரும்பி வராமலும் இருக்க முடியாது. லாரியைப் பார்த்தே அவர் உற்பத்தியைக் கணித்துவிடுவார். சிமெண்ட் போனால் "இன்னும் கட்டறாங்க." குழாய் போனால் "நெருங்கிடுச்சு." அதே குழாய் திரும்பி வந்தால் "அளவு எடுக்கப் போயிருக்கு." கட்டில் போனால் "ஆள் எடுக்கறாங்க." கட்டில் திரும்பி வந்தால் ஒரு கணம் யோசித்து, "ஆள் வந்தாச்சு, இனிமே தூங்க நேரம் ஏது?"

அவரிடம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேரே போய்க் கேட்கக்கூடாது. முதலில் காற்றைப் பற்றி நாலு வார்த்தை, பிறகு பொதி சுமக்கும் லாமா மிருகங்களின் உடல்நலம். அப்புறம், தற்செயலாக நினைவுக்கு வந்த மாதிரி, "தோன் எபிஃபானியோ, சுரங்கம் எப்போ ஆரம்பிக்கும்?"

உடனே பதில் வராது. இடது கன்னத்தில் அடக்கியிருக்கும் கோக்கா இலை உருண்டையை நாக்கால் உருட்டி வலது கன்னத்துக்குக் கொண்டுபோவார். கன்னம் மாறும்வரை கேட்டவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு மலையைப் பார்ப்பார். மலையும் அவரைப் பார்க்கும். அப்புறம்தான் வாக்கு.

"மழைக்கு முன்னாடி."

"எந்த மழைக்கு?"

"பெய்யப் போற மழைக்கு."

பெய்தது. ஓடையில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துச் சுவரையே கரைத்துவிட்டுப் போனது. எதிர்த்த ரொட்டிக்கடை தோன்யா சதுர்னீனா முழங்கால் சேற்றோடு வந்து நின்று, "மழை பேஞ்சாச்சே, மூட்டை எங்கே?" என்று கேட்டார்.

"நான் சொன்னது மழை. இது தூறல்."

இந்த மனிதரைச் சாய்க்க முடியுமா? ஈஸ்டருக்குள் என்று சொல்லி ஈஸ்டர் போய்விட்டால், "எந்த வருஷத்து ஈஸ்டர்னு யாராவது கேட்டீங்களா?" என்பார். உற்பத்தி என்ற ஒரு சொல்லை அவர் வெங்காயம்போல உரிப்பார். உற்பத்திக்கான ஏற்பாடு ஒன்று. சோதனை உற்பத்தி ஒன்று. சும்மா உற்பத்தி ஒன்று. விற்கிற உற்பத்தி வேறொன்று. ஏதாவது ஒரு தோலில் அவர் சொன்னது பலித்திருக்கும். உரித்து முடித்தபோது கேட்டவர் கண்ணில்தான் தண்ணீர் நிற்கும்.

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. அவர் மகள் ஸுல்மாவுக்கு வேடிக்கை இல்லை.

ஸுல்மா தையல்காரி. கார்னிவல் திருவிழா வந்தால் ஊரில் சாத்தான் வேஷம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடிச் சில்லும் மணியும் வைத்து உடுப்புத் தைப்பவள் அவள்தான். எலியோ குவானுகோ என்ற பையனுக்கும் அவளுக்கும் விருப்பம். எலியோ நல்ல பையன், முரசு அடிப்பான், கம்பெனி நடத்திய குளப் பராமரிப்புப் பயிற்சியில் தேறி, "உற்பத்தி தொடங்கியதும் அழைக்கிறோம்" என்ற வாக்குறுதியும் மஞ்சள் ஹெல்மெட்டும் வாங்கி வந்தவன். பெண் கேட்டு வந்த அன்று அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தான்.

"முதல் மூட்டை மலையிலேருந்து இறங்கட்டும்" என்றார் தோன் எபிஃபானியோ. "இறங்கின அன்னிக்கே கல்யாணத்துக்கு நாள் குறிச்சிடலாம்."

"எப்போ இறங்கும், மாமா?"

மாமா என்று கூப்பிட்டதில் அவருக்கே கொஞ்சம் உருகிவிட்டது. உருண்டை வலதுக்குப் போயிற்று. "கார்னிவலுக்கு முன்னாடி."

அந்தக் கார்னிவல் போனது. அடுத்ததும் போனது. எலியோவின் ஹெல்மெட்டை அவன் அம்மா கவிழ்த்துப் போட்டு வைக்கோல் வைத்தாள். கோழி ஒன்று அதில் உட்கார்ந்து அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. சுரங்கத்தின் பெயரால் அகுவா முதாவில் நடந்த முதல் உற்பத்தி அதுதான்.

"அப்பா, இப்போ அவன் முரசடிச்சே சம்பாதிக்கறான். நானும் தைக்கறேன். மூட்டை எதுக்கு?" என்று ஸுல்மா கேட்டுப் பார்த்தாள்.

"சொன்னது சொன்னதுதான். என் வாக்கை நானே மாத்தினா ஊரு என்னை மதிக்குமா?"

"எப்போதான் இறங்கும்?"

"பக்கத்துல வந்தாச்சு."

ஒன்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் அவருக்கு மாத்தே இலைக் கஷாயத்தைச் சுடச்சுட ஊற்றிக் கொடுத்துவிட்டு, "என்னப்பா, எப்போவாம்?" என்று முதல் ஆளாகக் கேட்பது ஸுல்மாதான். கேலியாகக் கேட்டாளோ, ஆசையாகக் கேட்டாளோ, அந்தக் கேள்வியில்தான் அவருக்குப் பொழுது விடியும். அவள் போய்விட்டால் யார் கேட்பார்கள்? மனைவி ஹசிந்தா கேட்கமாட்டாள். அந்த அம்மாளுக்கு அவர் வாக்கின் மேல் நம்பிக்கை போனது கல்யாணமான வாரம். "ஞாயித்துக்கிழமை கூரையை மாத்திடறேன்" என்று சொன்ன அந்த ஞாயிறு இன்னும் வரவில்லை.

இந்த வருஷம் கார்னிவல் நெருங்கியபோது தோன்யா சதுர்னீனா விடவில்லை. தன் கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது பார்த்து, வாங்க வந்த தோன் எபிஃபானியோவுக்கு ரொட்டியை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நம்ம ஊர்ல மண்ணுக்குள்ளேருந்து நேரத்துக்கு வெளியே வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கார்னிவல் சாத்தான். அதுக்குத் தெரியுது நாள், கிழமை. சுரங்கத்துக்குத் தெரியலை, சுரங்கத்தோட ஜோசியருக்கும் தெரியலை."

கூட்டம் சிரித்தது. தோன் எபிஃபானியோவின் காது சிவந்தது. உருண்டையை மாற்றக்கூட மறந்து, மலையோடு கலந்தாலோசிக்காமலேயே சொல்லிவிட்டார்:

"சாத்தான் குழியை விட்டு ஏறும்போது மூட்டை மலையை விட்டு இறங்கியிருக்கும். எழுதி வச்சுக்கோங்க."

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாளைச் சொல்லிவிட்டார். பருவம் இல்லை, பண்டிகைப் பக்கம் இல்லை; நாள். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. அப்புறம் தூக்கம் ஏது? லாரி சத்தம் கேட்டால் ஓடுவார். மேலேயிருந்து இறங்கிய லாரிகளில் காலி சிலிண்டர் இருந்தது, சளி பிடித்த சமையல்காரர் இருந்தார், திரும்பி வந்த அதே குழாய் இருந்தது. மூட்டை இல்லை.

கார்னிவல் சனிக்கிழமை காலை அவருக்கு முட்டி வலி வந்துவிட்டது.

"எந்த முட்டி?" என்றாள் ஹசிந்தா.

"இது."

"நேத்து அது. எந்திரிங்க."

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேட்டில் கற்குவியலுக்கு அடியில் போன வருஷம் புதைத்த சாத்தான் பொம்மையைத் தோண்டி எடுத்தால்தான் கார்னிவல். எடுக்கும் முன் மண்ணைக் கேட்க வேண்டும். குழியில் சிச்சா மதுவை ஊற்றி, கோக்கா இலை தூவி, சிகரெட் பற்றவைத்து நட்டு, பாச்சமாமாவுக்கு, அதாவது நம்மைத் தாங்குகிற மண் அம்மாவுக்கு, ஊட்ட வேண்டும். அந்தக் குழி வாயில் நின்று சொல்லும் சொல்லை யாரும் திரும்ப எடுப்பதில்லை. தேதிசொல்லிகள்கூட அங்கே வாயை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். ஆனால் மூடிய வாயைத் தோன்யா சதுர்னீனாவுக்குப் பிடிக்காது.

சாத்தான் மேலே வந்தது. முரசு அதிர்ந்தது. எல்லாரும் எல்லாருடைய முகத்திலும் வெள்ளைப் பவுடரை அப்பினார்கள். பாதிரியாருக்கே புருவம் நரைத்துவிட்டது. அந்தக் கூத்துக்கு நடுவில் காதில் துளசிக் கொத்து செருகிக்கொண்டு தோன்யா சதுர்னீனா வந்தார்.

"சாத்தான் ஏறிடுச்சு தோன் எபிஃபானியோ. மூட்டை இறங்கிடுச்சா?"

முரசு நின்றது. ஊரே திரும்பியது. உருண்டை இடதிலிருந்து கிளம்பி, பாதி வழியில் நாக்கின் மேல் நின்றுவிட்டது. 'ஏறியது சாத்தான் இல்லை, பொம்மை' என்று ஆரம்பிக்கலாமா? 'இறங்குவது வேறு, வந்து சேருவது வேறு' என்று உரிக்கலாமா? வாயைத் திறந்தார்.

அப்போது மேட்டுக்குப் பின்னாலிருந்து மணிச்சத்தம். உடம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு மின்ன, கொம்பும் வாலுமாக ஒரு சாத்தான் ஆடிக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு லாமா. லாமாவின் முதுகில் ரிப்பன் கட்டிய வெள்ளை மூட்டை. மூட்டையின் மேல் மஞ்சள் ஹெல்மெட், அதில் இன்னும் ஒரு கோழி இறகு.

கார்னிவல் சாத்தான் சொந்தக் குரலில் பேசாது. ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மூக்கால், எலி மாதிரி கீச்சென்றுதான் பேசும். இதுவும் கீச்சிட்டது:

"தோன் எபிஃபானியோஓஓ... வழி விடுங்கோ, வழி விடுங்கோ... மலையிலேருந்து வர்றோம்... முதல் மூட்டை, முதல் மூட்டை... முதல்ல யாருகிட்ட காட்டறதுன்னு கேட்டோம். ஆலையே உங்க பேரைத்தான் சொல்லுச்சு..."

வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். லித்தியம் எங்கேயாவது லாமா மேல் வருமா? ஆனால் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, சொன்ன நாளில், சொன்ன இடத்தில், ஊரே பார்க்க ரிப்பன் கட்டி வந்து நிற்கிறது. நீங்களாக இருந்தால் லாமாவிடம் அடையாள அட்டை கேட்பீர்களா?

தோன் எபிஃபானியோ முட்டியை மறந்து நடந்தார். மூட்டையின் வாயை அவிழ்த்தார். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். வெயிலில் காட்டினார். மோந்தார். மோந்ததும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியே நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி ஆசிரியர் குரலுக்கு மாறினார்.

"பாருங்க. நைஸா இருக்கு. கையில ஒட்டுது. இதுதான் பேட்டரிக்குப் போற ரகம்."

தோன்யா சதுர்னீனாவும் குனிந்து மோந்தார். "ரோஜா வாசனை வருதே?"

"மேல்தர லித்தியம்னா அப்படித்தான்."

"லித்தியத்துக்கு வாசனையா?"

"மட்டமானதுக்குக் கிடையாது."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சாத்தான் அவரைச் சுற்றி ஒரு வட்டம் ஆடி, காதருகே வந்து கீச்சிட்டது: "அப்போ உற்பத்தி ஆரம்பிச்சாச்சா? வெறும் வாயால சொல்லாதீங்கோ... மண்ணுக்கு ஊத்திட்டுச் சொல்லுங்கோ..."

யாரோ கையில் சிச்சாக் குவளையைத் திணித்தார்கள். அவர் குழி வாயில் நின்று ஊற்றினார். குரல் கணீரென்று வந்தது.

"ஆரம்பிச்சாச்சு. இது முதல் மூட்டை. நான் சொன்ன நாள்ல, சொன்ன மாதிரியே இறங்கியிருக்கு."

சாத்தான் கொம்போடு முகமூடியைக் கழற்றியது. வியர்த்து விறுவிறுத்த முகத்தில் முடி ஒட்டிக்கிடக்க, உள்ளே ஸுல்மா.

"முதல் மூட்டை இறங்கின அன்னிக்கே நாள் குறிக்கலாம்னு சொன்னீங்கப்பா" என்றாள், இப்போது தன் சொந்தக் குரலில். அந்தக் குரல் கீச்சுக் குரலைவிடக் கொஞ்சம் நடுங்கியது. முரசுக்குப் பின்னால் எலியோ இரண்டு குச்சியையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

இப்போது தோன் எபிஃபானியோவின் நிலைமையைப் பாருங்கள். இது பவுடர் என்று சொன்னால் மகள் வீட்டோடு இருப்பாள். ஆனால் சொன்ன வாக்கு பொய், அதுவும் மண்ணுக்கு முன்னால், சதுர்னீனாவுக்கு முன்னால். இது லித்தியம் என்றால் வாக்கு நிற்கும், மகள் போய்விடுவாள். மலையைப் பார்த்தார். மலை வேறு பக்கம் பார்த்தது.

கடைசி முயற்சியாக ஒரு தோல் உரித்தார். "நாள் குறிக்கலாம், யாரு வேண்டாங்கறா? ஈஸ்டருக்கு அப்புறம்..."

"புதன்கிழமை தவக்காலம் ஆரம்பிக்குது" என்றார் வெள்ளைப் புருவப் பாதிரியார். "அதுக்கு முன்னாடி திங்கக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை."

"எந்தத் திங்கக்கிழமை?" என்று கேட்டாள் ஹசிந்தா. அவள் தன் கணவரிடம் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

"நாளான்னிக்கு."

ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தோன் எபிஃபானியோவின் நாக்கின் மேல் நின்ற உருண்டை மெதுவாக நகர்ந்து வலது கன்னத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"இது லித்தியம்" என்றார். "நல்ல லித்தியம்." மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மகளின் தலையில் கொட்டினார். அப்புறம் அங்கே யார் யாரை அணைத்தார்கள், யார் மேல் யார் பவுடர் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. அகுவா முதாவின் சரித்திரத்தில் சொன்ன நாளில் தொடங்கி முடிந்த ஒரே திட்டம் அது. கறி அடைத்த எம்பனாதா தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஹசிந்தா, மெல்லக் கேட்டாள்.

"அந்த ரோஜாப் பவுடர் ஸுல்மா தலைமாட்டுல எப்பவும் இருக்கறதுதானே. வீடே அந்த வாசனைதான். மோந்தப்பவே உங்களுக்குத் தெரியலையா?"

அவர் எம்பனாதாவை ஒரு கடி கடித்து நெடுநேரம் மென்றார்.

"காரம் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அதோடு இனம் திருந்திவிட்டது என்று நினைத்தீர்களா? நல்ல ஆள் நீங்கள். அன்று சாயங்காலமே, ஆடிக் களைத்த சதுர்னீனா, "நிஜ மூட்டை எப்போ?" என்று கேட்க, "இறங்கினது சோதனை மூட்டை. விக்கிற மூட்டை மழைக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டார். இப்போதும் கடையில் அதே கூட்டம், அதே காற்று, அதே லாமாக்கள். காலையில் மாத்தேயை அவரே ஊற்றிக்கொள்கிறார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து ஸுல்மா தையல் துணியோடு வந்து வாசலில் நின்று, "என்னப்பா, எப்போவாம்?" என்று கேட்கும்வரை அதைக் குடிக்காமல் வைத்திருக்கிறார் என்று சதுர்னீனா சொல்கிறார். சதுர்னீனா சொல்வதையெல்லாம் நம்பவேண்டியதில்லை.

சரி, சிரித்தீர்கள். நல்லது. போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலும் ஒருவர் ஒன்றைக் கேட்டிருப்பார். "இது முடியட்டும், உடனே செய்துடலாம்" என்று நீங்களும் சொல்லி வைத்திருப்பீர்கள். அவரும் காத்துக்கொண்டிருப்பார். அந்த 'இது' எப்போது முடியும்?

அவசரமே இல்லை, யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் பாருங்கள், வாயில் எதுவுமே இல்லாமல் இப்போது இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு எதை மாற்றினீர்கள்?